புளியங்கொட்டை வச்சு கைனசின் நடையை நீங்களே ஓட்டிப் பாருங்க

செல்லுக்குள்ள சரக்கு சுமந்துட்டு நடக்குற ஒரு புரோட்டீன் தான் கைனசின், 1985ல கணவாயோட நரம்புல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. அது நடக்குற ரோடு மைக்ரோடியூப்யூல், செல்லுக்குள்ள ஓடுற மெல்லிசான குழாய். ஒரு ஸ்டெப் 8 நானோமீட்டர், அதுக்கு ஒரு ஏடிபி (செல்லோட எரிபொருள் மூலக்கூறு) செலவு, சராசரியா ஒரு 100 ஸ்டெப் போனதும் ரோட்டை விட்டு கழண்டுடும். இந்த 100 தான் நிறைய பேரைக் குழப்புது, நடந்து நடந்து களைச்சுப்போய் விழுதுன்னு நினைச்சுக்குறாங்க. அப்படி இல்லவே இல்ல, ஒவ்வொரு ஸ்டெப்லயும் கழள்ற வாய்ப்பு ஒரே அளவு தான். கையால செஞ்சு பார்த்தா சட்டுனு புரிஞ்சிடும்.

முதல்ல 20 புளியங்கொட்டை எடுத்து ஒண்ணுல மட்டும் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைங்க. (நான் முதல்ல வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு நடுவுல ஒரு கருப்புக் கடலை போட்டேன், அது சின்னதா இருக்கவும் விரலுக்கே தெரிஞ்சுபோச்சு, கணக்கு மொத்தமும் வீண்.) நிஜத்துல 100க்கு 1, நமக்கு 20க்கு 1 போதும், இல்லன்னா விடிய விடிய எடுத்துட்டே இருக்கணும்.

அடுத்து கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டம் 8 நானோமீட்டர். பார்க்காம ஒரு கொட்டை எடுங்க. பொட்டு இல்லன்னா ஒரு கட்டம் முன்னாடி, பொட்டு வந்தா கழண்டுச்சு, எத்தனாவது தடவைன்னு எழுதிக்கோங்க. எடுத்த கொட்டையை ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட்டு குலுக்கணும், இதை மறந்தா கைனசினுக்கு களைப்பு வர்ற மாதிரி ஆயிடும், நாம காட்ட வந்ததுக்கே நேர் எதிர்.

30 தடவை ஓட்டுங்க. சராசரி 20 கிட்ட வரும், ஆனா பாதிக்கு மேல 14க்குள்ளயே விழுந்திருக்கும், ஒண்ணு ரெண்டு மட்டும் 60 தாண்டும். சராசரியை மட்டும் எழுதாம ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதச் சொல்றது இதுக்குத்தான்.

இப்போ ரோட்டைக் கெடுப்போம். நிஜ மைக்ரோடியூப்யூல்ல அங்கங்க டியூபுலின் (குழாயைக் கட்டியிருக்குற புரோட்டீன் செங்கல்) உதிர்ந்து ஓட்டை இருக்கும், டௌங்குற புரோட்டீன் மேல ஒட்டிட்டு வழியை மறிக்கும். அதனால ஒவ்வொரு 5வது கட்டத்தையும் கருப்பா அடிங்க, அங்க நிக்கும்போது மட்டும் 4 கொட்டை போட்ட வேற கிண்ணத்துல எடுங்க, அதுலயும் ஒண்ணுக்குப் பொட்டு. (4ங்குறது நான் வச்ச கணக்கு, மாத்திப் பாருங்க.) சராசரி 20ல இருந்து 12 கிட்ட இறங்கிடும். கெட்டது அஞ்சுல ஒரு கட்டம் தான், ஓட்டம் கிட்டத்தட்ட பாதி!

இதே ரோட்டுல எதிர்த் திசையில நடக்குற இன்னொரு புரோட்டீன் டைனீன், அது கதை வேற. டௌ மேல மோதுனா கைனசின் பெரும்பாலும் கழண்டுடும், டைனீன் பெரும்பாலும் திரும்பி நடக்கும். அதுக்கு கருப்புக் கட்டத்துல பொட்டு வந்தா விழுறதுக்குப் பதிலா வந்த வழியே திருப்பி விடுங்க.