பிள்ளைகளுக்குப் பழைய படம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் போன வாரம் ஒரு பட்டியலோடு வந்தார். தமிழ் பேசப் பழகும் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட பழைய படங்கள். முதல் வரியிலேயே ‘பராசக்தி’. எனக்குப் பகீரென்றது. 12 வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய பட்டியலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

புரசைவாக்கத்தில் ஒரு மாடியில் மாலை நேர வகுப்பு. சௌகார்பேட்டை, வேப்பேரிப் பக்கத்து மார்வாடி, குஜராத்திப் பிள்ளைகள் வருவார்கள். துபாயிலிருந்து திரும்பிய நம் பிள்ளைகளும் உண்டு. பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள். தமிழ் காதில் விழும், வாயில் வராது. வயதுக்கு ஏற்ற படமா, ஒலி தெளிவாக இருக்கிறதா என்பதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

வசனப் படத்தில் ஆரம்பிப்பது

இதை மட்டும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை, கோபம் வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் கதை வசன கேசட் தேயத் தேய ஓடும். 1952-இல் வந்த ‘பராசக்தி’, 1954-இன் ‘மனோகரா’, இரண்டுக்கும் மு. கருணாநிதி வசனம். 1959-இன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. எனக்கு இவை உயிர். அதனால் பிள்ளைகளுக்கும் அதுதான் தமிழ் என்று முடிவு செய்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பாவுக்கு மின்ட் தெருவில் கடை. ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை மூன்றே வாரத்தில் நெட்டுருப் போட்டான். பெற்றோரைக் கூப்பிட்டு அவனைப் பேச வைத்தேன். ழகரம் சுத்தமாக விழுந்தது, கைதட்டல் அடங்கவில்லை. நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், “ஐயா, எழும்பூர் செல்ல எவ்வளவு பணம் தர வேண்டும்?” என்று கேட்டிருக்கிறான். டிரைவர் ஒரு நொடி விழித்துவிட்டுப் பின்னால் திரும்பி, “டேய், கட்டபொம்மன் வந்துகிறாரு பாருடா!” என்றிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார். ஆனால் அந்த ஸ்டாண்டைத் தாண்டித்தான் பையன் தினமும் போக வேண்டும். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் வாயிலிருந்து தமிழ் வரவில்லை. வகுப்புக்கு வருவான், உட்காருவான், பக்கத்துப் பையனிடம் இந்தியில் பேசிவிட்டுப் போவான். அவன் அம்மா என்னிடம் சொன்னார்: “முன்னாடி தப்புத் தப்பா பேசினான் மிஸ். இப்ப பேசறதே இல்ல.”

‘இருக்கிறது’ நம் காதில் தானாகவே ‘இருக்கு’ ஆகிவிடும். ‘வந்துவிட்டார்கள்’ என்று படிப்போம், ‘வந்துட்டாங்க’ என்று சொல்வோம். எது பேச்சு, எது எழுத்து என்று யோசிப்பதே இல்லை. புதிதாகக் கற்கிறவனுக்கு அந்தப் பிரிவினை கிடையாது. எது முதலில் உள்ளே போகிறதோ அதுதான் அவனுக்குத் தமிழ். அந்தக் காலப் படங்களின் உச்சக் காட்சிகளில் இருப்பது மேடைத் தமிழ். சிவாஜி நாடகத்திலிருந்து வந்தவர். ‘பராசக்தி’யே முதலில் நாடகம்தான். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி உச்சரித்த மொழி அது.

“உச்சரிப்பு சுத்தமா இருக்கே அக்கா” என்கிறார் புது டீச்சர். இருக்கிறதுதான். ஆனால் கடைத்தெருவில் யாரும் சொல்லாததைச் சுத்தமாகச் சொல்லி என்ன செய்ய?

அதே 1959-இல் ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ வந்தது. வேலை இருப்பதாகவும், பிறகு தான் பெரிய எழுத்தாளன் என்றும் மனைவியாக வரும் எம். சரோஜாவிடம் அளக்கும் தங்கவேலுவைப் போடுங்கள். வீட்டுப் பேச்சு, மாட்டிக்கொண்டவன் எப்படி இழுப்பான், மனைவி எப்படித் துருவுவாள், எல்லாம் அதில் இருக்கிறது. 1964-இன் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் படக் கதை சொல்லும் காட்சி இன்னும் நல்லது. முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் போடுவேன். பாலையாவின் முகத்தைப் பார்த்தே பேய்க் கதை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது தடவை ஒலியோடு. மூன்றாவதில் ஒருவர் நாகேஷ், ஒருவர் பாலையா. பாலையாவுக்குத்தான் போட்டி, ஏனென்றால் அவர் அதிகம் பேச வேண்டியதில்லை, பயந்தால் போதும். கூச்சப்படுகிற பையனுக்கு அந்த வேடத்தைக் கொடுப்பேன்.

எந்தத் தமிழ் என்று சொல்லாமல் விடுவது

‘எதிர்நீச்ச’லில் (1968) வரும் ‘அடுத்தாத்து’ப் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு பெண், “அடுத்த ஆறா மிஸ்? கூவமா?” என்றாள். பிராமணர் வீட்டுப் பேச்சில் ஆத்து என்றால் வீடு என்று நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

‘காசேதான் கடவுளடா’வில் (1972) தேங்காய் சீனிவாசன் பேசும் மெட்ராஸ் பாஷையைச் சொல்லித் தரவே வேண்டாம், ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். மறுநாள் பள்ளியில் யாரிடம் பேசக்கூடாது என்பதைத்தான் சொல்லித் தர வேண்டும். நான் சொல்லாமல் விட்ட வருடம் ஒரு தலைமையாசிரியரை ‘நைனா’ என்று கூப்பிட்டுவிட்டான் ஒருத்தன்.

நீ, நீங்க

படம் முடிந்ததும் யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். மற்ற கேள்விகள் அப்புறம்.

இங்கிலீஷ் சப்டைட்டில்

வைத்தால் படிப்பார்கள். கேட்க மாட்டார்கள்.

கருப்பு வெள்ளைக்கு மன்னிப்புக் கேட்பது

கேட்காதீர்கள். பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள்.

முழுப் படம்

மூன்று மணி நேரம் யாரால் முடியும்? எனக்கே தூக்கம் வரும்.

‘பராசக்தி’யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேச்சு ஓடத் தொடங்கிய பிறகு, இரண்டாம் வருடக் கடைசியில் போடுகிறேன். அப்போது அந்த மொழியின் மிடுக்கு அவர்களுக்கே பிடிபடுகிறது. இதையெல்லாம் புது டீச்சரிடம் அரை மணி நேரம் சொன்னேன். தலையாட்டினார். நேற்று திருத்திய பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘பராசக்தி’ இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது. முதல் வரியில் ‘மனோகரா’.