யூத அந்திமப் பராமரிப்புக்கு உயில்வழிக் கொடை: எங்கே தவறுகிறார்கள்?

போலந்து யூதரான டேவிட் டாஸ்மா 1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் புற்றுநோயால் இறந்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச்சென்றார். நீங்கள் அமைக்கப்போகும் இல்லத்தில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்பது அவர் சொல். சாண்டர்ஸ் அமைத்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற அந்த அந்திமப் பராமரிப்பு இல்லம் திறக்க 1967 ஆயிற்று. அவருடையது வெறும் விருப்பம்தான். யாருடைய கையையும் கட்டவில்லை.

இன்று இங்கிலாந்தில் உயில் எழுதுவோர் பலர் கையைக் கட்டிவிடுகிறார்கள். 'ஹோலோகாஸ்டிலிருந்து (நாஜிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து) தப்பியவர்களுக்கு மட்டும்' என்று எழுதுவது மனதைத் தொடும் நோக்கம்தான். ஆனால் 1945இல் பிறந்த குழந்தைக்கே எண்பது வயது கடந்துவிட்டது. உயில் நடைமுறைக்கு வரும்போது அந்தத் தலைமுறையில் யார் இருப்பார்கள்? 'இன்ன இல்லத்தின் கோஷர் (யூத உணவு விதிப்படியான) சமையலறைக்கு' என்பதும் அப்படியே. இல்லம் மூடப்பட்டால் பணம் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். 'இயலாவிட்டால் யூத முதியோரின் இறுதிக்காலப் பராமரிப்புக்கு' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அமைப்பின் பெயரை நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள யூத அறக்கட்டளைகள் பல. பதிவு எண்ணையும், அது வேறொன்றோடு இணைந்தால் கொடை யாருக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஐயாயிரம் பவுண்டு என்று தொகையைப் போட்டால் விலைவாசி அதைத் தின்றுவிடும். கடனும் மற்றவர்களுக்கான தொகைகளும் போக எஞ்சும் சொத்தில் இத்தனை பங்கு என்பதே மேல். அறக்கொடைக்கு வாரிசுரிமை வரி கிடையாது. வரிக்குட்பட்ட நிகரச் சொத்தில் பத்து சதவீதமாவது அறத்துக்குப் போனால், மீதிக்கான வரி 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறையும். வரி வரம்புக்குள் அடங்கும் சொத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

சாட்சிக் கையெழுத்துக்கு மருமகனைக் கூப்பிடாதீர்கள். உயில் செல்லும்; சாட்சியின் மனைவி என்பதால் மகளுக்கு எழுதிய பங்கு செல்லாது.

கொடையைப் பிள்ளைகளிடம் மறைப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. சாகுமுன் தன் செல்வத்தில் பாதியைத் தானம் செய்த மார் உக்வா என்ற அறிஞரை யூதச் சட்ட நூலான தல்மூத் குறைகூறவில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்ற வரம்பு வாழ்நாள் கொடைக்குத்தான் என்கிறது. அதே மரபின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா, பிள்ளைகளை விட்டுப் பிறருக்கு எழுதியவர் செய்தது செல்லும், ஆனால் அறிஞர்களுக்கு அதில் மகிழ்ச்சியில்லை என்கிறது. நீதிமன்றமும் தலையிடலாம். இங்கிலாந்தில் 2004இல் இறந்த ஒரு தாய் பெரும்பகுதியை விலங்கு நல அமைப்புகளுக்கு எழுதிவைத்தார். மகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2017இல்.

கொடையோடு ஈமக்கிரியை விருப்பங்களையும் உயிலில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. யூத வழக்கப்படி அடக்கம் கூடியவரை விரைவில் நடந்துவிடும். உடலைக் கழுவி வெள்ளாடை உடுத்தும் செவ்ரா கதிஷா தொண்டர்கள் வந்து போன பிறகுதான் பல வீடுகளில் உயிலைப் பிரிப்பார்கள். அந்த விருப்பங்களைக் குடும்பத்தாரிடமும் பராமரிப்பு இல்லத்திலும் இப்போதே சொல்லிவையுங்கள்.