உலை அரிசியில் கை வைத்தேன்

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். சொந்த வயல் அரிசி என்பதால் அளவு பார்க்கிற வழக்கமே இல்லை. போன வருடம் கணவருக்கு சர்க்கரை எட்டிப் பார்த்தபோதுதான் தராசை எடுத்தேன். நாலு பேருக்கு மதியத்துக்கு மட்டும் 800 கிராம் அரிசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாள் முழுக்கவே தானியம் 250 கிராம்தான். காய்கறி 400 கிராம். நாங்கள் தலைகீழ்.

முதலில் சின்னத் தட்டாக மாற்றிப் பார்த்தேன், பலிக்கவில்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் உலையிலேயே கை வைத்தேன். 450 கிராம். "அளந்து போட இது என்ன ரேஷன் கடையா?" என்றார் மாமியார். அதனால் கூட்டையும் பொரியலையும் இரண்டு மடங்கு செய்து, தட்டில் முதலில் அதை வைத்தேன். சோற்றுப் பானை அடுப்படியை விட்டு வெளியே வராது. எழுந்து போகச் சோம்பல், அதுவே பாதி வேலை செய்தது. (ரசத்துக்கென்று ஒரு பிடி சோறு ஒதுக்கியே ஆகவேண்டும், எங்கள் வீட்டில் அதில் பேரம் கிடையாது.)

வெளியில்தான் கஷ்டம். மெஸ்ஸில் இலை போட்டதும் கேட்காமலே குவிப்பார்கள். இப்போது கரண்டி வரும் முன்பே "பாதி போதும்ணே" என்று சொல்லிவிடுகிறேன். பார்சல் என்றால் இரண்டு சாப்பாடு, நாலு பேர், கூட வீட்டில் ஒரு பொரியல். கல்யாணப் பந்தியில் மட்டும் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.