விண்வெளி நம் காற்றை ஏன் உறிஞ்சுவதில்லை? மின்தூக்கியில் ஒரு சோதனை

விண்வெளி வெற்றிடம், அதற்கும் நமக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. அப்படியானால் காற்று முழுவதும் வெளியேறிவிடாதா என்ற கேள்விக்கு, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலேயே விடை தேடத் தொடங்கலாம்.

படி 1: பாரமானி (வளியமுக்கத்தை அளக்கும் உணரி) உள்ள கைத்தொலைபேசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (எல்லாத் தொலைபேசிகளிலும் அது இருக்காது). தரைத்தளத்தில் வளியமுக்கத்தைக் குறித்துவிட்டு, உடனேயே மின்தூக்கியில் ஏறி, ஏறக்குறைய 25 மீற்றர் உயரத்தில் மீண்டும் குறியுங்கள். இடையில் தேநீருக்கு உட்கார வேண்டாம். கொழும்பின் அமுக்கம் காலை பத்து மணியளவில் உச்சத்தைத் தொட்டு, மாலை நான்கு மணியளவில் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தின் அலகு; ஒன்று என்பது சதுர மீற்றருக்கு 100 நியூட்டன்) வரை தானாகவே இறங்கிவிடும். நாம் தேடும் வித்தியாசமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

படி 2: இனிக் கணக்கு. கொழும்பு வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்றின் திணிவு சுமார் 1.16 கிலோகிராம். ஒரு சதுர மீற்றர் அடிப்பரப்பில் 25 மீற்றர் உயரத்துக்கு நிற்கும் காற்று 29 கிலோகிராம், அதை 9.8 ஆல் பெருக்கினால் 284 நியூட்டன், அதாவது 2.84 ஹெக்டோபாஸ்கல். தொலைபேசி காட்டிய வீழ்ச்சியும் இதை ஒட்டியே இருக்கும், ஏனெனில் மேலே ஏறியபோது அந்த 29 கிலோகிராம் காற்றின் பாரத்தை நீங்கள் கீழே விட்டுவிட்டீர்கள்.

படி 3: இதே வீதத்தில் விண்வெளிவரை கழித்துக்கொண்டே போகக்கூடாது. மேலுள்ள பாரம் குறையக் குறையக் காற்று ஐதாகிறது. மலைநகரான நுவரெலியாவில் அமுக்கம் 810 ஹெக்டோபாஸ்கல் அளவுதான். அங்கே இறுக மூடிய வெறும் பிளாஸ்டிக் போத்தல் கொழும்புக்கு வரும்போது நசுங்கியிருக்கும். சுமார் ஒவ்வொரு 5.5 கிலோமீற்றருக்கும் அமுக்கம் பாதியாகி, 100 கிலோமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும்விடக் குறைகிறது. ஆகவே நிறைகாற்றும் வெற்றிடமும் நேருக்கு நேர் சந்திக்கும் எல்லை எங்குமே இல்லை.

படி 4: வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை; அமுக்கம் கூடிய பக்கத்துக் காற்றே தள்ளுகிறது. நமது 25 மீற்றர்க் காற்றுத் தம்பத்தைக் கீழிருந்து மேலே தள்ளும் மிகை விசை 284 நியூட்டன். அதைப் புவியீர்ப்பு கீழே இழுப்பதும் அதே 284 நியூட்டன். இந்தச் சமநிலை ஒவ்வொரு படையிலும் தொடர்கிறது. விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்பது பிடிவாதமாக நிலைத்துவிட்ட தவறு: 100 கிலோமீற்றர் உயரத்திலும் அது 3 சதவீதம்தான் குறைந்திருக்கும்.

கசிவு அறவே இல்லை என்றும் சொல்லமுடியாது. புவியை விட்டு நீங்க செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள நைதரசன் மூலக்கூறுகள் சராசரியாக அரைக் கிலோமீற்றர் வேகத்திலேயே ஓடுகின்றன. முக்கியமாக மிக இலேசான ஐதரசனும் ஈலியமும் உச்சிப் படையிலிருந்து சிறிது சிறிதாகத் தப்பிக்கொண்டிருக்கின்றன.