பழைய ஆஃப்ரோடு மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர்: அளந்து வாங்கும் முறை

யமஹா டிடி-1, ஹோண்டா எல்சினோர், ஹஸ்க்வர்னா, மைக்கோ, புல்டாக்கோ என 1960களின் இறுதியிலும் 1970களிலும் வெளிவந்த ஆஃப்ரோடு வண்டிகளைச் சீரமைப்பவர்களில் பலர், எஞ்சினுக்கும் பெட்ரோல் டாங்கின் வண்ணத்துக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பின்பக்க ஷாக்குகளை மட்டும் விலையையும் விளம்பரத்தையும் பார்த்துக் கடைசி நேரத்தில் வாங்குகிறார்கள். வண்டி கரடுமுரடான பாதையில் இறங்கியதும் அந்த அவசரத்தின் பலன் தெரிந்துவிடுகிறது. ஷாக்கின் நீளத்தை வண்டியின் சட்டமும், ஸ்பிரிங்கின் விறைப்பை ஓட்டுபவரின் எடையும் தீர்மானிக்க வேண்டும். தயாரிப்பாளரின் பெயர் அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

முதலில் உங்கள் வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 1970களின் தொடக்கம் வரை இவ்வகை வண்டிகளின் பின்சக்கரம் ஏறக்குறைய 100 மி.மீ. அளவுக்கே மேலும் கீழும் நகர்ந்தது. ஷாக்குகளும் சக்கர அச்சுக்கு அருகே ஏறத்தாழ நிமிர்ந்து நின்றன. 1974 வாக்கில் மைக்கோ போன்ற நிறுவனங்கள் ஷாக்குகளை முன்னே நகர்த்திச் சாய்த்துப் பொருத்தத் தொடங்கின. 1975-இல் யமஹா ஒற்றை ஷாக் கொண்ட ஒய்இசட் மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண்பாதைப் பந்தய) வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சக்கர நகர்வு 300 மி.மீ.யை நெருங்கிவிட்டது. இந்தச் சில ஆண்டுகளுக்குள் எல்லாம் தலைகீழாக மாறியதால், 1973 வண்டிக்குச் சரியான ஷாக் அதே நிறுவனத்தின் 1976 வண்டிக்குப் பொருந்தும் என்று எண்ணிவிட முடியாது. பழைய வண்டிகளுக்கான பந்தயங்களில் ஓட்டும் எண்ணம் இருந்தால் விதிகளையும் பார்க்க வேண்டும்: அமெரிக்காவின் ஆர்மா அமைப்பு, 1974 வரையிலான மாடல்களுக்குரிய வின்டேஜ் மோட்டோகிராஸ் பிரிவில் முன்சக்கர நகர்வை 7 அங்குலத்துக்கும் பின்சக்கர நகர்வை 4 அங்குலத்துக்கும் உட்படுத்துகிறது.

நீளம் என்பது மேல் கண்ணின் (போல்ட் நுழையும் துளையின்) மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை, ஷாக் முழுதாக நீண்டிருக்கும்போது எடுக்கும் அளவு. வண்டியில் இப்போது இருப்பதை அளந்து அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஐம்பது ஆண்டுகளில் எத்தனை கை மாறிய வண்டியோ. முந்தைய உரிமையாளர் கிடைத்ததை மாட்டியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சற்று நீளமான ஷாக் போட்டால் வண்டி உயர்ந்து நிற்கும், தரை இடைவெளி கூடும் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஷாக் 10 மி.மீ. நீண்டால், நிமிர்ந்த அமைப்பில் சக்கரம் சுமார் 12 மி.மீ. கீழே இறங்கும்; 1,400 மி.மீ. சக்கர இடைவெளி உள்ள வண்டியில் அது ஹேண்டில் தலையின் சாய்வை ஏறத்தாழ அரை டிகிரி நிமிர்த்திவிடும். அரை டிகிரியைப் பெரும்பாலான வண்டிகள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 30 மி.மீ. நீளத்தைக் கூட்டினால், நேர்பாதையில் வேகமாகப் போகையில் முன்சக்கரம் நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்கும். பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் அச்சுப் பகுதியைச் செயின் உரசும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி அளவுக்கு மீறிச் சாயும். என் கருத்தில், சட்டத்தையும் முன்ஃபோர்க்கையும் மாற்றாமல் பின் ஷாக்கை மட்டும் நீட்டுவது வண்டிக்குச் செய்யும் கெடுதலே.

நீளத்துக்கு அடுத்தது நகர்வு, அதாவது ஷாக் எவ்வளவு உள்ளே போகிறது என்பது. இரண்டு ஷாக்குகள் ஒரே நீளத்தில் இருந்தும் ஒன்று 80 மி.மீ.யும் மற்றொன்று 100 மி.மீ.யும் அமுங்கக்கூடும். கூடுதலாக அமுங்குவது நல்லதுதானே என்று நினைத்து இரண்டாவதை வாங்கினால், பெரிய பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டையோ சட்டத்தின் குறுக்குக் குழாயையோ போய் இடிக்கும். இதை ஓட்டிப் பார்த்துத்தான் கண்டறிய வேண்டும் என்பதில்லை. புதிய ஷாக்குகளின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு வெறும் டேம்பரை (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாயை) மட்டும் வண்டியில் மாட்டி, ஷாக் தன் தடுப்பு ரப்பரில் போய் முட்டும் வரை சக்கரத்தைக் கையால் மெல்ல மேலே தூக்குங்கள். தூக்கும் வழி முழுவதும் டயருக்கும் மட்கார்டுக்கும், செயினுக்கும் அதன் காப்புக்கும், ஷாக் உடலுக்கும் சைலன்சருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, சக்கர அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த நிலையிலும் சிறிது தளர்வு எஞ்சும்படி இப்போதே செயினைச் சரிசெய்துவிடலாம். அரை மணி நேரம் பிடிக்கும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்த ஷாக்கையும் ஓட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

பொருத்தும் முனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் உள்விட்டம், அகலம், கீழ்முனை கண் வடிவமா கவை வடிவமா என்பவற்றை வெர்னியரால் அளந்து, ஆர்டர் செய்யும்போது எழுதிக் கொடுங்கள். தளர்ந்த புஷ்ஷில் வாஷர் வைத்து ஒப்பேற்றுவது வேண்டாம்.

ஸ்பிரிங்கில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கடையில் வாங்கும் ஷாக்குகள் ஏதோ ஒரு சராசரி ஓட்டுநரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 60 கிலோ உள்ளவருக்கும் 95 கிலோ உள்ளவருக்கும் ஒரே ஸ்பிரிங் சரிவராது. கணக்கு கடினமானதல்ல. சக்கரம் நகரும் தூரத்தை ஷாக் நகரும் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது நெம்பு விகிதம். சக்கரம் 100 மி.மீ. நகர ஷாக் 80 மி.மீ. நகர்ந்தால் விகிதம் 1.25. ஓட்டுநர் அமர்ந்த பின் பின்பக்க ஸ்பிரிங்குகள் தாங்கும் எடை (ஓட்டுநரின் எடை மட்டுமல்ல) 95 கிலோ என்று கொள்வோம். அந்த எடையில் வண்டி 30 மி.மீ. உட்கார வேண்டும், ஸ்பிரிங்கை மாட்டும்போதே 10 மி.மீ. அமுக்கி வைக்கிறோம், அது சக்கரத்தில் 12.5 மி.மீ.க்குச் சமம். ஆக 95 கிலோவை 42.5-ஆல் வகுத்தால் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2.24 கிலோ. இதை விகிதத்தின் வர்க்கமான 1.56-ஆல் பெருக்கி, ஷாக்குகள் இரண்டு என்பதால் பாதியாக்கினால், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் மில்லிமீட்டருக்குச் சுமார் 1.75 கிலோ தாங்க வேண்டும் என்று வரும். இங்கிலாந்து, அமெரிக்க நிறுவனங்களின் பட்டியல்களில் இது அங்குலத்துக்கு 98 பவுண்டு என்று தோன்றும். கிலோ கணக்கை 56-ஆல் பெருக்கினால் பவுண்டு கணக்கு கிடைக்கும்.

சாய்ந்த ஷாக்குகள் உள்ள வண்டியில் விகிதம் 1.5 என்று வைத்துக்கொண்டால், வர்க்கம் 2.25 ஆகிவிடுகிறது. சக்கரத்தில் அதே விறைப்பு வேண்டுமென்றால் ஸ்பிரிங் 44 சதவீதம் கூடுதல் விறைப்பாக இருக்க வேண்டும். நிமிர்ந்த அமைப்புக்கு வாங்கிய ஷாக்கைச் சாய்த்து மாட்டியவர்கள், வண்டி எப்போதும் முழுதாக அமுங்கி முட்டுகிறது என்று ஷாக்கைக் குறை கூறுவது இதனால்தான்.

ஸ்பிரிங்கின் கீழுள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது தவறு. அந்த வளையம் வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. 100 மி.மீ. நகர்வுள்ள வண்டி, ஓட்டுநர் இல்லாமல் தன் எடையில் 10 மி.மீ. போலவும், ஓட்டுநர் முழு உடுப்போடு அமர்ந்தால் 30 மி.மீ. போலவும் உட்கார வேண்டும். ஓட்டுநரோடு 30 மி.மீ. கொண்டுவருவதற்காக வளையத்தை நிறையத் திருகி, அதனால் தனியாக நிற்கும்போது வண்டி சிறிதும் உட்காராமல் போனால், ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது என்று பொருள். தனி எடையில் அளவுக்கு மீறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் விறைப்பானது. இது முரண்போலத் தோன்றினாலும், இருமுறை அளந்து பார்ப்பவருக்கு விளங்கிவிடும்.

டேம்பிங் என்பது ஸ்பிரிங்கின் துள்ளலை எண்ணெய் அடக்கும் வேலை. அது மிகக் குறைந்தால் பின்பக்கம் குதிரைபோல் உதைக்கும். மிகக் கூடினாலும் தொல்லையே: அடுத்தடுத்து மேடுகள் வரும் பாதையில் ஒரு மேட்டிலிருந்து மீண்டு நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுவதால், ஷாக் படிப்படியாகக் கீழிறங்கிக் கடைசியில் கல்லாகிவிடும். பழைய இரட்டைக் குழாய் ஷாக்குகளில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்து, சூடேறியதும் அடக்கும் ஆற்றல் போய்விடுவது வழக்கம். நைட்ரஜன் அழுத்தமும் அதை எண்ணெயிலிருந்து பிரிக்கும் மிதவைப் பிஸ்டனும் கொண்ட ஒற்றைக் குழாய் வகை இதை நன்கு தாங்கும். மிதவைப் பிஸ்டன் உள்ளதை எப்படியும் மாட்டலாம். அழுத்தமில்லாத இரட்டைக் குழாய் வகையைத் தலைகீழாக மாட்டினால் காற்று உள்குழாய்க்குள் புகுந்து டேம்பிங் அற்றுப்போகும்.

ஓட்டும் விதமும் இங்கே கணக்கில் வருகிறது. புல்டாக்கோ ஷெர்ப்பா போன்ற ட்ரையல்ஸ் வண்டி பாறைகள்மேல் ஆமை வேகத்தில் ஏறுவது. டயர் தரையை விட்டு விலகாதிருக்க அதற்கு மென்மையான ஸ்பிரிங்கும் விரைந்து மீளும் டேம்பிங்கும் தேவை. மோட்டோகிராஸுக்கான ஷாக்கை அதில் மாட்டினால் வண்டி கெட்டுவிடும். நமக்கு நன்கு தெரிந்த ராயல் என்ஃபீல்ட் புல்லட் கூட, 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சோதனை ஓட்டத்தில் ஸ்விங் ஆர்மும் எண்ணெய் டேம்பரும் கொண்ட பின்பக்கத்தோடு ஓடித் தங்கப் பதக்கம் பெற்ற வண்டிதான். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே வேண்டாம் என்று பலர் வாதிட்ட காலம் அது.

வண்டியோடு வந்த ஷாக்குகளைத் தூக்கி எறியுமுன் ஒருமுறை ஆராயுங்கள். கோனி, ஓலின்ஸ், ஃபாக்ஸ் போன்றவற்றில் பலவற்றைப் பிரித்துச் சீல் மாற்ற முடியும். தண்டின் குரோம் பூச்சில் குழிகள் விழாதிருந்தால் சீரமைப்பதே நல்லது. குழிவிழுந்த தண்டில் புதுச் சீல் போட்டாலும் விரைவில் எண்ணெய் கசியும். ஓரம் மடக்கி மூடப்பட்ட மலிவு வகைகளை விட்டுவிடலாம். நைட்ரஜன் அடைத்தவற்றை, அழுத்தத்தை முறையாக வெளியேற்றத் தெரியாதவர் திறக்கவே கூடாது. புதிதாக வாங்குவதென்றால் இங்கிலாந்தின் ஹேகன், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், கோனியின் பழைய வடிவமைப்பைத் தொடரும் ஆஸ்திரேலியாவின் ஐகான் ஆகியவை இக்கால வண்டிக்காரர்களிடம் புழங்குபவை. ஓட்டுநரின் எடையைக் கேட்டு அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு அனுப்புகிற விற்பனையாளரையே தேர்ந்தெடுங்கள். எடையைக் கேட்காதவரிடம், எவ்வளவு பேர்பெற்ற ஷாக்காக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன்.

மாட்டியபின் முதல் ஓட்டம் குறுகியதாக, பழகிய பாதையில் இருக்கட்டும். பின் ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு ஓட்டினால் ஷாக் எதுவரை அமுங்கியது என்று அது காட்டிக்கொடுக்கும். பாதையின் மிகக் கடுமையான ஓரிரு இடங்களில் மட்டும் அது கடைசி வரை நகர்ந்திருந்தால் ஸ்பிரிங் சரி. சாதாரணக் குழிகளிலேயே முனைக்குப் போயிருந்தால் விறைப்பான ஸ்பிரிங்குக்கு எழுதிப்போடுங்கள். பத்து நிமிடம் ஓட்டி ஷாக்குகள் சூடான பிறகு இறங்கி, மேல், கீழ் நட்டுகளை மறுபடியும் இறுக்கிவிடுங்கள்.