தைலம் என்று ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

மூலிகைச் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சி வடித்தாலும் தைலம் என்கிறோம். நீலகிரியில் தைல மரத்து (யூக்கலிப்டஸ்) இலையை நீராவியில் வாலைவடித்து எடுப்பதையும் தைலம் என்கிறோம். வீடுகளில் நேரும் தவறுகள் பலவும் இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். முன்னதை உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்க்கலாம். பின்னதோ, பெரும்பகுதி சினியோல் என்னும் வேதிப்பொருளாலான கடும் செறிவு என்பதால், துளிக்கணக்கில் மட்டுமே கையாளத் தக்கது.

சளி பிடித்த கைக்குழந்தையின் மூக்கடியில் யூக்கலிப்டஸ் தைலத்தைத் தடவுவதும், தேனில் குழைத்து நாக்கில் வைப்பதும் இத்தவறுகளுள் மிக ஆபத்தானவை. சில மில்லி உள்ளே போனாலே சிறு பிள்ளைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் வரலாம். கற்பூரம் சேர்ந்த தைலங்களும் அப்படியே. தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கேடு இரட்டிப்பாகும். குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாலைவடித்த இத்தகைய எண்ணெய்கள் கிருமியைக் கொல்லும் என்ற கூற்று பொய்யன்று. ஓமத்திலுள்ள தைமோல், கிராம்பிலுள்ள யூஜெனால் ஆகிய வேதிப்பொருள்கள் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைப்பதை ஆய்வகத் தட்டில் காணலாம். ஆனால் அந்தத் தட்டில் இரத்தமும் கல்லீரலும் இல்லை; அங்கே கிருமியை அழித்த செறிவை உடலுக்குள் எட்டுவதற்கு முன்பே மனிதருக்கு நஞ்சேறிவிடக்கூடும். ஆகவே, மருத்துவர் தந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டு இவற்றைக் குடிப்பது வீண் துணிச்சல்.

தோலின் மேற்பரப்பில் நிலைமை சற்றுச் சாதகமானது. 1990-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் (தேயிலையிலிருந்து அன்று, ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து வடிப்பது) முகப்பருவைத் தாமதமாகவேனும் குறைத்தது. அந்த 5 சதவீதத்தை மறந்து, குப்பியிலிருந்து நேராகப் பருவின் மேல் வைத்தால் தோல் எரிந்து சிவக்கும். வீட்டில் 50 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 20 துளி, அதாவது சுமார் 2 சதவீதம், போதுமானது. தண்ணீரில் இது கரையாது. குளிக்கும் நீரில் விட்டால் மேலே மிதந்து, செறிவு குறையாமலே உடலில் ஒட்டும்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் நரம்பை மரக்கச் செய்யுமேயன்றிச் சொத்தையை ஆற்றாது. நனைத்த பஞ்சை நெடுநேரம் வைத்தால் ஈறு வெந்துவிடும்.

இன்னொன்று, பழைய குப்பி. காற்றும் வெளிச்சமும் பட்ட டீ ட்ரீ எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து, புதிதாக இருந்தபோது ஒத்துக்கொண்ட தோலிலேயே ஒவ்வாமையைக் கிளப்பும். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதி, இறுக மூடி, இருட்டான இடத்தில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.