நிலாவின் தொலைவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பௌர்ணமி மாலையில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் ஓரத்தில் எழும் நிலாவைப் பார்த்து, அது இன்று அருகில் வந்துவிட்டதாகப் பிள்ளைகள் சொல்வதுண்டு. பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கமே. உண்மையில் அதே நிலா நள்ளிரவில் தலைக்கு மேல் வரும்போதுதான், பூமியின் ஆரத்தை ஒட்டிய அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர், நமக்கு நெருங்கியிருக்கிறது.

இதைவிடப் பெரிய குழப்பம், 'தொலைவு மாறுகிறது' என்று பொதுவாகச் சொல்லி இரண்டு வேறு நிகழ்வுகளைக் கலந்துவிடுவதில் உள்ளது. நீள்வட்டப் பாதையில் சுற்றும் நிலா, இரண்டு வாரங்களுக்குள் சராசரியாக 3,63,000 கிலோமீட்டரிலிருந்து 4,05,000 கிலோமீட்டருக்குப் போய், பிறகு திரும்பி வருகிறது. நிலா பூமியை விட்டு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவது இதனின்று வேறானது. அது திரும்பி வராத விலகல். 1969 முதல் நிலாவில் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து அதை அளக்கிறார்கள்.

நிலா அருகில் வரும் நாளில் நம் எடை குறையும் என்பதும் அளவு தெரியாமல் சொல்லப்படுவது. அப்போது ஓத விசை (கடல் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும், நிலாவின் இழுப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால் வரும் விசை), நிலா சேய்மையில் இருப்பதைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுவது உண்மைதான். ஆனால் அந்த விசையே பூமியின் ஈர்ப்பில் கோடியில் ஒரு பங்கு அளவுதான். மாங்கூழ் ஆலைக்கு 10 டன் மாங்காய் ஏற்றி வரும் லாரி எடைமேடையில் நிற்கும்போது நிலா நேர் உச்சியில் இருந்தாலும், வேறுபாடு சுமார் 1 கிராம்தான்.

பூமியின் ஈர்ப்பு தளர்வதால்தான் நிலா விலகுகிறது என்ற விளக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை உவமையாகக் காட்டுவோர், கயிறு நீள்வதை ஈர்ப்பு குறைவதாக மாணவர் மனத்தில் பதித்துவிடுகிறார்கள். ஈர்ப்பு பூமியின் நிறையைப் பொறுத்தது. அந்த நிறை குறையவில்லை. நிலாவின் இழுப்பால் கடல்நீர் புடைக்கிறது. நிலா ஒரு சுற்று முடிக்க 27.3 நாள் எடுத்துக்கொள்ள, பூமியோ ஒரே நாளில் சுழன்றுவிடுவதால், உராய்வோடு அந்தப் புடைப்பு நிலாவுக்குச் சற்று முன்னே கொண்டுசெல்லப்படுகிறது. முன்னே நிற்கும் அந்தப் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுக்கிறது. நிலா அந்தப் புடைப்பைப் பின்னோக்கி இழுத்துப் பூமியின் சுழற்சியைத் தளர்த்துகிறது. பெருங்கடல்களின் உண்மையான ஓதம் இந்தப் படத்தைவிடச் சிக்கலானது என்றாலும், பூமி இழக்கும் கோண உந்தத்தை (சுழலும், சுற்றும் இயக்கத்தின் அளவை) நிலா பெறுகிறது என்ற கணக்கு மாறுவதில்லை. ஆக, நிலாவை விலக்குவதும் ஈர்ப்பேதான்.

முன்னே இழுக்கப்படும் நிலா வேகமாக ஓட வேண்டாமா என்று கேட்கும் மாணவரை அடக்கிவிடக் கூடாது. அது நல்ல கேள்வி. மேலே எறிந்த கல் ஏற ஏற வேகம் குறைவதைப் போல, பெற்ற ஆற்றலை உயரம் ஏறுவதிலேயே செலவிட்டு, அகன்ற பாதைக்குப் போன நிலா முன்னைவிட மெதுவாகவே சுற்றுகிறது.

சுழற்சி தளர்ந்தால் நம் எடை குறையும் என்று எண்ணுவதும் தலைகீழானது. பூமி சுழல்வதால் தருமபுரியில் நம் எடை ஏற்கெனவே சுமார் 0.3 விழுக்காடு குறைந்தே இருக்கிறது. சுழற்சி தளரத் தளர அது மிக மிக நுண்ணிய அளவில் கூடவே செய்யும்.

1972 முதல் 2016 வரை 27 முறை லீப் வினாடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகக் கடிகார நேரத்தில் கூட்டும் ஒரு வினாடி) சேர்க்கப்பட்டதைக் கொண்டு, நாளின் நீளம் 27 வினாடி கூடிவிட்டதாகக் கணக்கிடுவோரும் உண்டு. ஓத உராய்வு மட்டும் செயல்பட்டால் ஒரு நாள் நூற்றாண்டுக்குச் சுமார் 2.3 மில்லி வினாடிதான் நீளும். தினம் 2 மில்லி வினாடி பிந்தும் கடிகாரம் 500 நாளில் ஒரு வினாடி பிந்துவதைப் போன்றதே லீப் வினாடி. அது சேர்ந்த பாக்கி, நாளின் நீளம் அன்று.

இன்றைய உராய்வு எக்காலமும் இதே வலிமையோடு இருந்ததாகக் கொண்டு கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால், நிலா பூமியை ஒட்டியிருந்த காலம் வெறும் 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று வரும். நிலாவின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள். கண்டங்கள் இடம்பெயர்ந்து கடல்களின் வடிவம் மாறும்போதெல்லாம் உராய்வும் மாறுவதால், 3.8 சென்டிமீட்டர் என்பதை இன்றைய அளவாக மட்டுமே சொல்ல வேண்டும்.